ஒன்பதாவது பாட்டின் மேல் வரி

— திரும்பப் போடு, மச்சான்.

— இது அஞ்சாவது தடவை மாப்ளே. பாட்டு தேஞ்சிடப் போகுது.

— கம்ப்யூட்டர்ல எங்க தேயுது? போடு. ஒன்பதாவது பாட்டு, கடைசிச் சரணம்.

— எல்லாம் முடிச்சுக் கட்டியாச்சு. நாலு மணிக்கு அச்சுக்கு அனுப்பணும். இப்ப வந்து நோண்டறீங்க.

— கிதாரை மூடு. டிரம்ஸை மூடு. குரல் மட்டும் விடு.

— குரலை மட்டும் கேட்டா யாரா இருந்தாலும் பாவமாத்தான் இருக்கும்.

— விடுன்னா விடு.

— இதோ. கேளுங்க.

— 'நீ சொன்ன பொய்யை மன்னிச்சேன், வா.' கேட்டியா? 'சொன்ன'ல ஒரு விசில்.

— மைக்கை ஒட்டி நின்னிருப்பீங்க. போன மாசம் பல்லு வேற கட்டினீங்க.

— கட்டினது கடவாய்ப் பல்லு. அதுல ஏது விசில்?

— பாருங்க, உள்ளதைச் சொல்லிடறேன். அந்த வரி உங்களுக்கு ஏறல. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தூக்கி விட்டேன். இப்ப எல்லாரும் பண்றதுதான்.

— கம்ப்யூட்டருக்கு முன்பல்லு உடைஞ்சிருக்கா?

— என்ன மாப்ளே?

— இது என் தம்பி.

— உங்க தம்பியோட பேசி இருபத்தாறு வருஷமாச்சு. அவன் குரல் இப்ப எப்படி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அம்மா செத்தன்னைக்கு அடுத்த ரூம்ல பேசிட்டிருந்தான். 'ச' வர்ற இடமெல்லாம் விசில். கேக்க முடியாம எந்திரிச்சு வெளியே போயிட்டேன். அந்தப் பல்லை உடைச்சவன் நான். எனக்குத் தெரியாதா?

— சரி. உக்காருங்க.

— உக்கார மாட்டேன். அவன் எப்ப வந்தான்?

— போன மாசம். நீங்க டாக்டர்கிட்டப் போன அன்னைக்கு.

— இந்த ஆல்பம் ஆரம்பிச்சப்போ உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். கூடப் பாட ஆள் வேணாம், கோரஸ் வேணாம், அறுபத்தி நாலு வயசுல என் குரல் எப்படி இருக்கோ அப்படியே வரட்டும். உடைஞ்சா உடையட்டும். கேட்டேனா இல்லையா?

— கேட்டீங்க. உடைஞ்சதும் ஹெட்போனைத் தூக்கிக் கண்ணாடியில அடிச்சது யாரு? கீறல் அங்கேயே இருக்கு, பாருங்க.

— அது கோவம்.

— மூணு வாரம் கோவம். ஒரு வரிக்கு நாப்பது டேக். அப்புறம் இதைப் போட்டுக் காட்டினேன். 'பாத்தியா, இன்னும் இருக்குடா'ன்னு என் முதுகுல தட்டினீங்க. வீட்டுக்குப் போய் ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டீங்களாம். அவ சொன்னா.

— அவளா? உன் தங்கச்சிக்கும் தெரியுமா?

— அவதான் இங்க வந்து நின்னா. 'தூங்க மாட்டேங்கறாருண்ணே, ஏதாவது பண்ணு'ன்னா.

— ஆக, வீட்டுல ஒருத்தி, இங்க ஒருத்தன். நடுவுல நான் மட்டும் பிரமாதமாப் பாடிக்கிட்டிருந்திருக்கேன்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— வேற பாடகனே கிடைக்கலையா? போயும் போயும் அவனா? ரேடியோவுல உக்காந்து, 'எங்க பாட்டுல உச்சியில வர்ற குரல் என்னுது'ன்னு கூசாம பொய் சொன்னவனா?

— உங்க குரலோட ஒட்டுற குரல் வேற எது இருக்கு?

— ஒட்டும்னு உனக்கு எப்படித் தெரியும்? எப்ப ஒட்டிப் பாத்த?

— விடுங்க. மணியாகுது.

— மச்சான். எப்ப ஒட்டிப் பாத்த?

— முதல் ரெக்கார்டுல.

— என்ன உளர்ற?

— அதுல நீங்க பேர் வாங்கின பாட்டோட உச்சி வரியை ரெண்டு பேரும் பாடினீங்க. ஒண்ணு மேல ஒண்ணு பதிஞ்சோம். கலக்கும்போது ரெண்டுல ஒண்ணு இடிச்சுது. எடுத்துட்டேன்.

— எதை?

— உங்களுதை.

— முப்பத்தெட்டு வருஷமா என் பேர்ல ஓடிக்கிட்டிருக்கு அந்தப் பாட்டு.

— பாட்டு உங்களுதுதான். அந்த ஒரு இடம் மட்டும் அவன். அதுக்கப்புறம் வந்த எல்லாத்துலயும், அந்த மாதிரி உச்சி இடம் வந்தா, அவன்.

— பொய். மேடையில பாடியிருக்கேன். பத்தாயிரம் பேர் முன்னாடி.

— அவன் இருந்த வரைக்கும் ஒரே மைக்ல ரெண்டு பேரும் பாடினீங்க. அவன் போனப்புறம்? அந்த இடம் வந்ததும் மைக்கைக் கூட்டத்துப் பக்கம் திருப்பிடுவீங்க.

— ஜனங்களுக்குப் பிடிக்கும்னு.

— ஆமா. என்கிட்டயும் அப்படித்தான் சொன்னீங்க.

— அவனை நான் அடிச்ச அன்னைக்கு நீ எங்க இருந்த?

— மேடைக்குப் பின்னாலதான். நீங்க மைக் ஸ்டாண்டைத் தூக்கினப்போ கேபிள் சுத்திக்கிட்டிருந்தேன்.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருக்கலாம். அவனும் வாயெல்லாம் ரத்தத்தோட என்னைத்தான் பாத்தான். நான் கேபிளைப் பாத்தேன்.

— ஏன்டா?

— என் தங்கச்சி அப்ப ஆறு மாசம் முழுகாம இருந்தா. உங்க பேரு போச்சுன்னா அவ எங்க போவா? அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்லலாம்னு பாத்தேன். வருஷம் கூடக் கூட வாய் வரல.

— உண்மையைச் சொன்னவன் பல்லை உடைச்சிருக்கேன். பத்தாததுக்கு, பொய் சொன்னதுக்காக அவனை மன்னிக்கிறேன்னு பாட்டு எழுதியிருக்கேன். பெரிய மனுஷன் மாதிரி.

— எழுதிக் கொண்டுவந்த அன்னைக்கே தடுத்திருக்கணும்.

— தடுக்கல. அவன் கையிலேயே கொடுத்துப் பாட வெச்சிருக்க.

— உங்க டேக் பத்திரமா இருக்கு. உடைஞ்சதுதான், ஆனா உங்களுது. பத்து நிமிஷம் கொடுங்க, இவனை எடுத்துட்டு அதைப் போட்டுடறேன்.

— கை வைக்காத. அவன் அந்த வரியைப் படிச்சுட்டா பாடினான்?

— ரெண்டு தடவை படிச்சான். பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டான்.

— என்னைத் திட்டலையா?

— இல்ல. உள்ள போய் நின்னான். ஒரே டேக். வெளியே வந்து கொஞ்ச நேரம் அந்த சோபாவுல உக்காந்திருந்தான்.

— மன்னிக்கிறேன்னு நான் எழுதினதை, எனக்காகவே, வாயைத் திறந்து எப்படிடா பாடினான்?

— பாடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டான். இது யாரு யாருக்குப் பாடறதுன்னு.

— நீ என்ன சொன்ன?

— 'நீ உங்க அண்ணனுக்குப் பாடறது, அவரேதான் எழுதிக் கொடுத்தாரு'ன்னேன்.