யார் நடந்த நடை?

பிசியோ: ஆறு மாசத்துல ஒரு வாரம்கூட விட்டுப்போகலையே! நெஜமாவா சார்?

டிரைவர்: நடையக் கணக்கு வெக்கிற மீட்டர் பொய் சொல்லுமா மேடம்?

மனைவி: எடுத்த காரியத்த முடிக்கலன்னா இவருக்குத் தூக்கமே வராது மேடம்...

பிசியோ: நான் அவரைக் கேட்டேன்மா. நடக்கறப்ப இடுப்புல மாட்டிக்கங்கன்னு இதைக் குடுத்த அன்னைக்கு மூஞ்சிய எப்படி வெச்சிருந்தாரு! பஸ் ஓட்டுறவனப் போயி நடக்கச் சொல்றீங்களேன்னு...

டிரைவர்: அது அப்போ. மூணு தடவ இடுப்பு பிடிச்சுக்கிச்சே! மூணாவது தடவ சீட்ட விட்டு எந்திரிக்கவே முடியல. பயணிங்க நாலு பேரு சேந்து தூக்கி இறக்கினாங்க. மானமே போச்சு.

மனைவி: இன்னொரு தடவ வந்தா ஸ்டியரிங்கத் தொட விடமாட்டோம்னு டிப்போல கறாரா சொல்லிட்டாங்க. இனிமே தொடர்ந்து ஓட்டணும்னா நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. ஆபீஸ்ல உக்காந்து ஃபைல் அடுக்கச் சொன்னா மனுஷன் பைத்தியமாயிடுவாரு மேடம்.

பிசியோ: போடத்தானே போறேன். அதுக்கு முன்னாடி, நான் எடுத்த இடுப்புவலி வகுப்புல சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா? வலி லேசா எட்டிப் பாத்தா என்ன பண்ணணும்?

மனைவி: பயந்துபோயி படுத்துக்கக் கூடாது! முடிஞ்ச மட்டும் நடமாடணும். நடையக் கொறச்சுக்கலாம், நிறுத்தக் கூடாது.

பிசியோ: நடைய எப்படிக் கூட்டணும்... சார்?

மனைவி: மொத வாரம் பத்து நிமிஷம், அப்புறம்...

பிசியோ: பரீட்சை அவருக்கா, உங்களுக்கா?

டிரைவர்: நோட்டப் படிச்சுக் காட்டுறது அவதான் மேடம், ஹி... ஹி...

பிசியோ: சரி, டூட்டி எத்தன மணிக்கு?

டிரைவர்: காலைல ஆறு மணிக்கு வண்டி எடுத்தா ரெண்டு மணிக்குத்தான் இறங்குவேன்.

பிசியோ: அப்படியா! தெனமும் பத்தரைக்குக் கெளம்பி பதினொண்ணு வரைக்கும் நடந்திருக்கீங்கன்னு மீட்டர் சொல்லுதே? பஸ்ஸு தானா ஓடிச்சா? நீங்க பின்னாடியே நடந்து போனீங்களா?

மனைவி: ஐயோ... நான்தான் மேடம்! ஊரு பாக்க கைய வீசிக்கிட்டு நடக்கக் கூச்சமா இருக்கு, நீ மாட்டிக்கிட்டுப் போயிட்டு வாயேன்னாரு. வண்டி கையவிட்டுப் போயிடுமேன்னு பயம்... தைக்கிற துணிய மிஷின்லயே விட்டுட்டு ஓடினேன்.

பிசியோ: ரெண்டு பேரும் சேந்து என் காதுல பூ சுத்தியிருக்கீங்க! நாப்பது பேரு உக்கார்ற வண்டிம்மா அது. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

மனைவி: ஏங்க, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்களே... வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்க!

டிரைவர்: மேடம்... அந்த நடக்குற மிஷின்ல ஏறட்டுமா?

பிசியோ: ஏறுங்க. அரை மணி நேரம். வேகத்தக் கூட்டிக்கிட்டே இருப்பேன்.

மனைவி: வேணாங்க! திரும்பப் பிடிச்சுக்கப் போவுது...

டிரைவர்: நீ கொஞ்சம் சும்மா இரு.

பிசியோ: ...பத்து நிமிஷம். வலி?

டிரைவர்: இல்ல.

பிசியோ: ...இருபது.

டிரைவர்: இன்னும் கூட்டலாம் மேடம்.

மனைவி: என்னங்க இது, மூச்சுகூட வாங்கல!

பிசியோ: முப்பது. இறங்குங்க. குனிங்க... நிமிருங்க... சார், இது உக்காந்தே இருந்த உடம்பு இல்ல. உண்மையச் சொல்லுங்க.

டிரைவர்: டூட்டிக்கு ஏத்திக்கிட்டுப் போற டிப்போ வேன்ல ஏறியே ஆறு மாசமாச்சு மேடம். விடியக்காலைல வீட்டுலேர்ந்து நடந்தேதான் போறேன். வேணும்னா கேட் வாட்ச்மேனக் கேட்டுப் பாருங்க.

பிசியோ: கேக்காம விடுவேனா? நம்பரச் சொல்லுங்க. ...ஹலோ? ...அப்படியா! ...மழையிலயுமா? ...சரி, வெச்சிடறேன். ம்... இந்தாங்க சார், கையெழுத்து. போங்க, வண்டிய எடுங்க.

மனைவி: அடப்பாவி மனுஷா! அப்புறம் எதுக்கு மீட்டர என் இடுப்புல மாட்டி விட்டீங்க? நான் என்ன வேலவெட்டி இல்லாதவளா?

டிரைவர்: தையல் மிஷின விட்டு எந்திரிக்கிறப்பல்லாம் இடுப்புவலில பல்லக் கடிச்சுக்கிட்டு சுவத்தப் பிடிப்பியே... நான் பாக்கலன்னு நெனச்சியா? இங்க வா, வந்து காட்டுன்னு எத்தன தடவ கெஞ்சினேன்... எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்னுட்டே. உனக்குன்னா வாசல்கூடத் தாண்ட மாட்டே, எனக்குன்னா ஊரையே சுத்துவே. இப்பச் சொல்லு... கடைசியா எப்ப சுவத்தப் பிடிச்சே?