சர்தார் குடித்த கொட்டாங்கச்சி

ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் கப்பலேறிய காலத்தில், தென்னாப்பிரிக்காவில் நேட்டால் சீமையில் ஒரு கரும்புத் தோட்டத்தில், செங்கேணி என்று ஒருத்தி இருந்தாளாம். அவள் புருசன் கன்னியப்பன். ஆம்பூர்ப் பக்கம் பண்ணையார் கொல்லையில் கொட்டாங்கச்சியில் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்தவன். வந்த பத்தாம் வருசம் வெள்ளைக்காரத் துரை அவனைச் சர்தாராக்கி, அதாவது கூலிகளை வேலை வாங்கும் கங்காணியாக்கி, கையில் ஒரு பிரம்பைக் கொடுத்தானாம். அவ்வளவுதான். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரரான சூலு சனங்களைத் துரை எப்படி ஏசுவானோ, இவனும் அப்படியே ஏசுவானாம். துரை துப்பிய பேச்சு, அதில் இவனுக்கு ஒரு பெருமை!

ஆடி மாசம் வந்தது. அங்கே அது குளிர்காலம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சினாள் செங்கேணி; கூலிச் சனமெல்லாம் சுற்றிக் காத்து நின்றது. நொமுசா என்ற சூலுக்காரி பிள்ளையோடு வந்து நின்றாள். செங்கேணி விஷக்காய்ச்சலில் கிடந்த பதினோரு நாளும் அவளுடைய கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தவள் இந்த நொமுசா. நம்மவர் ஒருத்தரும் அப்போது எட்டிப் பார்க்கவில்லையாம்.

கன்னியப்பன் என்ன செய்தான்? ஒரு கொட்டாங்கச்சியை நீட்டினான்.

"இதுல ஊத்து. காட்டானுங்க சொம்பைத் தொட்டா தீட்டு."

நொமுசாவுக்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

செங்கேணி அந்தக் கொட்டாங்கச்சியில் கூழை ஊற்றி அவனிடமே நீட்டினாளாம்.

"ஏன்யா, நீ குடிச்சு வளந்த பாத்திரம்தான இது?"

"இன்னாடி, ஊர்க் கதையை இங்க இழுக்கற?"

"நானா இழுத்தேன்? கப்பல்ல பத்திரமா ஏத்திக்கினு வந்தது நீ. குடி. இதுலயே குடி. நீ குடிக்காம ஒருத்தருக்கும் ஒரு கரண்டி கிடையாது."

பிரம்பை ஓங்கினான்.

"அடி. துரை சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான?"

கூட்டத்தில் நியாயம் பேசியவன் ஒருத்தனும் இல்லை. பேசியது பசி. "சர்தாரே, சீக்கிரம் குடிய்யா, கூழ் ஆறுது!" என்று கத்தினார்களாம். குடித்தான்.

அதோடு விட்டாளா? ஒரு பானைக் கூழைத் தலையில் ஏற்றி, ஆறு தாண்டி, நொமுசா குடிசை வாசலில் போய் உட்கார்ந்தாள். கதவு லேசில் திறக்கவில்லையாம். பொழுது சாய்ந்த பிறகுதான் பானை காலியாகத் திரும்பியது.

இன்றைக்கும் அந்தக் கோயிலில் முதல் பானை ஆறு தாண்டிப் போகும். அது காலியாகத் திரும்பிய பிறகு, தர்மகர்த்தா கொட்டாங்கச்சியில் குடித்தால்தான் மற்றவருக்கு ஊற்றுவார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பாராம். சுளிக்கட்டும். குடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது.