ஹெல்மெட்டைக் கழட்டாதேங்கோ

— ஹெல்மெட்டைக் கழட்டாதேங்கோ அப்பா.

— கழட்டேல்லை, கண்ணாடியைத்தான் உயத்தினனான். இந்தச் சுன்னாகத்து வெயிலுக்கை மனிசன் மூச்சு விட வேண்டாமோ?

— கொண்டு வந்து இறக்கினது காணும். நீங்கள் போங்கோ. அம்மா அடுத்த பஸ்ஸிலை வாறா. வந்தோண்ணை நாங்கள் ரெண்டு பேரும் உள்ளுக்குப் போய்க் கதைக்கிறம்.

— ஏன் அம்மா மட்டும்? ரவுணிலை பாத்த பள்ளிக்கூடத்திலை தாய் தகப்பன் ரெண்டு பேரையும் வரச் சொன்னவையள்.

— இஞ்சை அம்மா வந்தால் காணுமாம். போன கிழமை நான் தனிய வந்து கதைக்கேக்கை அப்பிடித்தான் சொன்னவை.

— எனக்கும் அதுதான் நல்லது. ஆனால் பொம்பிளைப் பிள்ளையை ரோட்டிலை தனிய விட்டிட்டுப் போகேலாது. அம்மா வரட்டும், போறன். தர்சிகா, இதுவோ தாதி வேலை பழக்கிற பள்ளிக்கூடம்? கீழை உரக்கடை, மேலை வகுப்பு. விளங்குதோ? யூரியா மணக்குது.

— பின்னாலை ஆஸ்பத்திரி இருக்கு. அதுக்காகத்தான் இது.

— ரவுணிலை பாத்தமே, கண்ணாடிக் கதவும் ஏசியும். அதுக்கு என்ன குறை? பிள்ளையளுக்குக் கோட்டும் குடுக்கினம்.

— கோட்டும் குடுக்கினம், தொப்பி போட்டுப் படமும் எடுக்கினம். நோயாளியைத்தான் காட்ட மாட்டினம். ஒரு பிளாஸ்ரிக் பொம்மை கிடந்தது, அதுக்கும் ஒரு கை இல்லை. அதைத் திருப்பிப் பழகிப்போட்டு நான் போய் எந்த மனிசரைத் திருப்பிறது?

— அப்ப கொழும்பிலை, வெள்ளவத்தை. நானே ரெலிபோனிலை கதைச்சனான். விடுதி இருக்கு, எங்கடை ஆக்கள் நடத்துறது. அங்கை எண்டால்...

— அங்கை எண்டால் ஒருத்தரும் என்னைக் காண மாட்டினம். அதுதானே?

— நான் அப்பிடிச் சொன்னனானோ?

— சொல்லேல்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் எங்கடை வீட்டிலை இருந்து எவ்வளவு தூரமெண்டுதான் நீங்கள் முதல் கேட்டது. தூர இருந்தால் நல்லது, கிட்ட இருந்தால் கூடாது. நீங்கள் எனக்குப் பள்ளிக்கூடம் பாக்கேல்லை அப்பா. ஒளிக்கிறதுக்கு இடம் பாக்கிறியள்.

— சரி, கேள். இஞ்சை படிக்கிறதெண்டால் ஒவ்வொரு நாளும் இந்த உடுப்போடை மருதனார்மடம் சந்தியிலை பஸ் ஏறோணும். என்ரை ரியூசன் போர்ட்டுக்கு நேர கீழை. விளங்குதோ? மேலை 'உயிரியல் தியாகலிங்கம்' எண்டு என்ரை முகம். சுத்திவர மெடிசினுக்குப் போன பிள்ளையளின்ரை முகம். கீழை என்ரை பிள்ளை, தாதிமாருக்கு உதவியாளாப் போறதுக்கு பஸ் பாத்துக்கொண்டு நிக்கும். சனம் மேலையும் பாக்கும், கீழையும் பாக்கும்.

— பாக்கட்டும்.

— நீ லேசாச் சொல்லிப்போட்டாய். ஒரு வருசம் பொறு பிள்ளை. சோதினையைத் திருப்பி எழுது. நானே இருந்து சொல்லித் தாறன்.

— திருப்பி எழுதிறதுக்கு முதல் ஒழுங்கா எழுதியிருக்க வேணுமே. ஒரு பேப்பரோடை மறிச்சிட்டியள்.

— நீ அழுதுகொண்டு வந்தாய்.

— அழுதன்தான். உங்கடை பாடத்திலையே எனக்கு ஒண்டும் எழுத வரேல்லை, அழாமல் என்ன செய்யிறது? அழுதுபோட்டு மற்றப் பேப்பரை எழுதியிருப்பன். நீங்கள்தான், பெயில் எண்டு வாறதிலும் பாக்க வருத்தம் எண்டு இருக்கட்டுமெண்டு, விடியமுன்னம் ஊருக்கெல்லாம் டெங்கு எண்டு சொல்லிப்போட்டியள்.

— உனக்காகத்தான் சொன்னனான்.

— ஒரு காய்ச்சலும் இல்லாமல் ரெண்டு கிழமை போர்த்துக்கொண்டு கிடந்தன். அயலுக்கை ஒருத்தர் மிச்சமில்லை, எல்லாரும் பப்பாசி இலைச் சாறு கொண்டு வந்து, நான் குடிச்சு முடியுமட்டும் பக்கத்திலை நிண்டினம். இப்பவும் பப்பாசி மரத்தைக் கண்டால் எனக்குச் சத்தி வருது.

— அது பாசத்திலை குடுத்ததுகள்.

— பாசத்திலைதான். அதுதான் தொண்டையிலை நிக்குது. பேந்து டெங்கு நுளம்பு தேடுற பி.எச்.ஐ. வந்து வளவுகளைப் பாத்து, பக்கத்து வீட்டு ஏரம்பு மாமாவின்ரை பின்வளவுக்கை கிடந்த பழைய ரயருக்கை தண்ணி நிக்குதெண்டு அந்தாளை ஏசிப்போட்டுப் போனவர்.

— அதை ஏன் இப்ப எடுக்கிறாய்?

— அண்டு பின்னேரம் ஏரம்பு மாமா தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்து, என்ரை கட்டிலடியிலை நிண்டு அழுதவர் அப்பா. தன்ரை ரயராலைதான் பிள்ளையின்ரை படிப்புப் போச்சுதெண்டு. எனக்குக் கண்ணைத் திறக்க வெக்கமா இருந்தது. நித்திரை மாதிரிக் கிடந்தன். இப்பவும் அவரைக் கண்டால் வேற ஒழுங்கையாலை போறன்.

— எனக்கும் அந்தாளின்ரை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு. கோயிலிலை பக்கத்திலை வந்து நிண்டால் நான் மற்றப் பக்கம் போறனான். வெக்கக்கேடு.

— வெக்கமெண்டால், போன கிழமையும் வகுப்பிலை ஏன் அதைச் சொன்னனீங்கள்?

— எதை?

— கேள்விக்கு மறுமொழி தெரியாத பிள்ளையை எழுப்பி விட்டுச் சொல்லுவியளே. 'நீயும் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போவாய், டொக்டரா இல்லை, மலச்சட்டி எடுக்க' எண்டு. நான் குசினிக்கை நிண்டு கேட்டனான். பிள்ளையள் சிரிச்சதும் கேட்டது.

— அது பகிடிக்குச் சொல்லுறது. கொஞ்சம் ரோசம் வரட்டுமெண்டு. வருசக்கணக்காச் சொல்லி வாயிலை ஊறிப்போச்சு.

— ஓம். வருசக்கணக்கா எழும்பி நிண்ட பிள்ளையள் எங்கை போயிருக்குமெண்டு நினைக்கிறியள்? கொஞ்சப் பேர் இந்த மேல்மாடியிலை இருக்கினம். இஞ்சை படிப்பிக்கிற நிவேதனா மிஸ்ஸும் உங்கடை வகுப்புத்தான்.

— எந்த நிவேதனா?

— உங்களுக்கு ஞாபகம் இராது. அவவுக்கு இருக்கும்.

— அதுக்குத்தானோ ஹெல்மெட்டைக் கழட்ட வேண்டாமெண்டாய்?

— அதுக்கும்தான்.

— இவ்வளவும் தெரிஞ்சு கொண்டு ஏன் இந்த இடத்தையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?

— போன வருசம் நீங்கள் காலை முறிச்சுக்கொண்டு ஆஸ்பத்திரி வாட்டிலை கிடந்தியளே. உங்களைக் கழுவித் துடைச்ச பிள்ளையை ஞாபகம் இருக்கோ?

— ஒரு மெல்லிய பிள்ளை. ஓம்.

— பேர்?

— கேக்கேல்லை.

— பிரதீபா. உங்களைத் திருப்ப முன்னம் சீலையாலை மூடுவா. மூடிப்போட்டு, 'தங்கச்சி, கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ, மகளுக்கு முன்னாலை ஐயா கூச்சப்படுவார்' எண்டு சொல்லுவா. வாட்டிலை எத்தினை பேர் வந்து போனவை, உங்கடை கூச்சத்தை ஒருத்தரும் யோசிக்கேல்லை. அவவிட்டை எங்கை படிச்சனீங்கள் எண்டு கேட்டன். இந்த இடத்தைத்தான் சொன்னவ. முதல் கிழமையே வாட்டிலை விடுவினமாம், முதல் பழக்கிறது மூடுறதுதானாம். எனக்கு அந்த வேலை பிடிச்சுக்கொண்டுது அப்பா. சோதினை சரிவந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பனோ தெரியாது. இப்ப இதைத்தான் கேக்கிறன்.

— முதல் நாள் சட்டி வைக்கேக்கை நான் அழுதனான். உனக்குத் தெரியுமோ?

— தெரியாது.

— அழுதனான். அந்தப் பிள்ளை என்ரை முகத்தைப் பாக்காமல், யன்னலைப் பாத்துக்கொண்டு, தங்கடை தோட்டத்து வெங்காயம் விலை விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டு நிண்டுது. நான் முடியுமட்டும் வெங்காயக் கதை. வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் போலை.

— எனக்கும் சொல்லேல்லை.

— அந்தப் பிள்ளையின்ரை கையாலை சுகமாகி எழும்பி வந்து, பேந்தும் வகுப்பிலை அதையே சொல்லியிருக்கிறன். நானெல்லாம் ஒரு வாத்தி.

— விடுங்கோ அப்பா. அம்மாவையும் காணேல்லை. நீங்கள் வெளிக்கிடுங்கோ, வகுப்புக்கு நேரமாச்சு.

— வகுப்புக் கிடக்கட்டும். அம்மா வர வேண்டாமெண்டு சொல்லு. நான் வாறன் உள்ளுக்கு.

— என்ன?

— தகப்பன் நான் இருக்க அம்மா ஏன் பஸ்ஸிலை அலையோணும்? நான் வந்து கதைக்கிறன். படிப்புத் தொடங்கினாப் பிறகும் நானே சந்தியிலை கொண்டு வந்து விடுறன். போர்ட்டுக்கு நேர கீழை. விளங்குதோ?

— வேண்டாம்.

— இவ்வளவு நேரமும் இதுக்குத்தானே நிண்டு வாதாடினாய். இப்ப ஏன் வேண்டாம்?

— நிவேதனா மிஸ் இருக்கிறா. உங்களுக்கு வெக்கமா இருக்கும்.

— இருக்கத்தான் வேணும். வெக்கப்பட வேண்டியவன் நான்தானே. அவவுக்கு ஒரு சொல்லுச் சொல்லக் கடமை இருக்கு.

— அப்பா, சொல்லுறதைக் கேளுங்கோ. இண்டைக்கு வேண்டாம். இன்னொரு நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு வாறன். கழட்டாதேங்கோ. ஐயோ, அவ படியாலை இறங்கி வாறா. ஹெல்மெட்டைப் போடுங்கோ அப்பா.

— வரட்டும்.

— தியாகலிங்கம் சேரோ? மேலை இருந்து குரலைக் கேட்டிட்டு, உது சேரின்ரை குரல்தானெண்டு இறங்கி வந்தனான். நான் நிவேதனா சேர். உங்கடை வகுப்பிலை பின்வாங்கிலை இருந்தனான்.

— முகம் ஞாபகம் வருகுதில்லைப் பிள்ளை. ஆனால் உம்மை எழுப்பிவிட்டு நான் என்ன சொல்லியிருப்பனெண்டு தெரியும். அது பிழை. மன்னிச்சுக்கொள்ளும்.

— அது பழங்கதை சேர். சட்டியும் எடுத்தன், இப்ப எடுக்கப் பழக்கியும் விடுறன். வெயிலுக்கை நிக்காமல் வாங்கோ, மேலை போய் ரீ குடிப்பம். தங்கச்சி, நீரும் வாரும். அம்மா வரேல்லையோ? சேரின்ரை மோட்டச்சைக்கிளிலையோ ஏறி வந்தனீர்?

— மிஸ், அம்மா இப்ப வந்திடுவா. நாங்கள் பேந்து வாறம்.

— நீ பொறு தர்சிகா. நிவேதனா, இவ என்ரை மகள். டெங்கும் வரேல்லை, ஒண்டும் வரேல்லை. சோதினை சரிவரேல்லை, அவ்வளவுதான். உங்கடை பள்ளிக்கூடத்தை அவதான் தெரிஞ்செடுத்தவ, நல்லாத் தெரிஞ்செடுத்திருக்கிறா. தகப்பன் நான் சேக்க வந்திருக்கிறன். இதைச் சொல்ல எனக்கு இப்ப ஒரு வெக்கமும் இல்லை.

— உங்கடை மகளோ சேர்? போன கிழமை வந்து, தன்ரை அப்பா செத்துப்போனாரெண்டு சொல்லி என்ரை தோளிலை சாஞ்சு அழுதவ.