இல்லாத ஃபீல்டு

“இன்னைக்கு ஒரு அம்மா ஸ்கிரீன்ல என்னைக் கண்டுபிடிச்சுட்டாங்கடி.”

அடையாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பேசியவள் ஜன்னலோரம் இருந்தாள். லஸ்ஸில் ஒரு கல்யாணத் தகவல் நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“உன்னையா? எப்படி?”

“வர்றவங்க வயசு, உயரம்னு எந்த ஃபீல்டை, அதாவது எந்த விவரத்த அடிச்சாலும், அத வச்சு பொண்ணுங்கள வடிகட்டிக் குடுக்கும். வயசு போட்டாலே, என் வயசுக்கு நான் வரமாட்டேன். பையனுக்குப் பொண்ணு தேடி வந்த இந்தம்மா ‘குணம்’னு அடிச்சாங்க. அப்படி ஒரு ஃபீல்டே கிடையாது. புரோகிராம் அத விட்டுட்டு எல்லாரையும் காட்டிடுச்சு. முதல்ல என் பேரு. டெஸ்ட் பண்றதுக்கு என் விவரத்தத்தான் போட்டிருந்தேன்.”

“அப்புறம்?”

“‘இந்தப் பொண்ணப் பாக்கணுமே, எங்க இருக்கா?’ன்னு என்கிட்டயே கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“புரோகிராம்ல தப்புன்னு சொன்னேன்.”

பஸ் பாலத்தில் ஏறி இறங்கியது.

“தப்ப சரி பண்ணிட்டியா?”

“உடனே. இனிமே இல்லாத ஃபீல்டை அடிச்சா ஒருத்தரும் வரமாட்டாங்க.”

“உன் விவரத்த எடுத்துட்டியா?”

ஜன்னலோரக்காரி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“இல்ல. அது அங்கயேதான் இருக்கு.”