கோத்து நெய்த கரை

எனக்குச் சர்க்கரை போடாத காபி போதும். பல்கலைக்கழகம் உங்களை விசாரணைக்கு அனுப்பியது நல்லதாகப் போயிற்று, நிதானமாகப் பேசலாம்.

முப்பத்தொரு வருடமாகச் சர்வதேச வணிகச் சட்டம் கற்பிக்கிறேன். ஜெனீவா வரை போய்ப் பேசியிருக்கிறேன். பிறந்ததென்னவோ காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில், பட்டுத்தறி வீட்டில். விசைத்தறிப் புடவைகளைக் காஞ்சிப் பட்டு என்று ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனிமீது நெசவாளர்கள் வழக்குப் போட்டபோது, சங்கத் தலைவர் உமாபதி என்னைத்தான் தேடி வந்தார். உதவிக்கு என் ஆராய்ச்சி மாணவி ஷாரோனைச் சேர்த்துக்கொண்டேன். அவள் அப்பா சிட்டிபாபு எங்கள் தெருவில் கூலிக்கு நெய்பவர்.

சென்னை நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை. மேசையில் இரண்டு புடவைகளை வைத்து, எது கைத்தறி என்று கேட்டார்கள். ஒன்றை எடுத்தேன். ஷாரோன் என் காதருகே குனிந்தாள்.

"சார், அது மிஷின் பொடவ. திருப்பிப் பாருங்க, கரையாண்ட நூல வெட்டி வுட்டுருக்குது."

திருப்பினேன். கைத்தறியில் உடல் நூலும் கரை நூலும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும். இதில் வெட்டுப்பட்ட பிசிறுகள். அதை வைத்துவிட்டு மற்றதைக் காட்டினேன். வெளியே வந்ததும் உமாபதி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"நம்ம தெருக்காரரு இல்ல? தொட்டுப் பார்த்துக்கினே சொல்லிட்டாருபா."

ஷாரோன் பக்கத்தில் நின்று சிரித்தாள். நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் மறுத்திருப்பேன், அதட்டியிருப்பேன். தினமும் "குட் மார்னிங் சார்" என்றாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. கூலிக்காரன் மகள் என் வீட்டுத் தொழிலை எனக்கே பிச்சை போடுவாளாம், மரியாதையாகவும் இருப்பாளாம்.

கைத்தறிப் புடவை எது என்று நாங்கள் நீதிமன்றத்துக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டியிருந்தது. 'கோத்து நெய்த கரை' என்று அவள் எழுதியிருந்தாள். 'சேர்த்து நெய்த கரை' என்று மாற்றிக் கொடுத்தேன். ஒரே ஒரு சொல். விசைத்தறியிலும் கரை சேர்ந்துதானே வருகிறது. வழக்கு தோற்றது.

உமாபதி கொதித்துப்போய் வந்தார். எழுதியது ஷாரோன்தான் என்றேன். கம்பெனிக்காரர்களோடு அவளைப் பார்த்ததாகவும் சொன்னேன். அன்று மாலையே சிட்டிபாபுவின் தறியை உடைத்தார்கள். தடுக்கப் போனவரின் வலது கையும் உடைந்தது. இனி அவரால் நெய்ய முடியாது என்கிறார்கள். அவளுடைய ஆராய்ச்சிப் பதிவை ரத்துசெய்யப் பரிந்துரைத்து எழுதியதும் நான்தான்.

அதன்பிறகு ஒருமுறை வந்தாள்.

"அன்னிக்கிப் பொடவ விசயத்த நான் யாராண்டயும் சொல்லலியே சார்," என்றாள்.

அழவில்லை. அந்தத் திமிரைப் பாருங்கள்.

'கோத்து' என்று எழுதி அவள் முதலில் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல் உங்கள் கையில் இருக்கிறது. அதை மறுக்க நான் முட்டாள் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். சொல்லை மாற்றியது நான். பொய் என்று தெரிந்தே பழியை அவள்மேல் போட்டது நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஷாரோனைப் பார்த்தால் மட்டும் ஒன்று சொல்லுங்கள், அவளை நான் மன்னித்துவிட்டேன்.