மூடி போட்டு எடுத்த படம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, இந்த இடத்தில் டீ கிடைத்ததே பெரிய விஷயம். கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன். புரியாத இடத்தில் தலையாட்ட வேண்டாம். முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். புரியாமல் ஆடும் தலைகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மொட்டை மாடியில், மூன்று தளங்களுக்கு மேலே, ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் தொலைநோக்கி, அதன் பின்னால் ஒரு கேமரா. வானத்தில் ஒரே இடத்தை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் எடுப்பேன். நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி படங்களைப் பொருத்தி, கணினியில் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். நட்சத்திரங்கள் அசையாது. ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டில் நகர்ந்தால் அது சிறுகோள். யாரும் முன்பு பார்க்காததாக இருந்தால், பெயர் வைக்கும் உரிமை பார்த்தவனுக்கு.

கீழ்த்தளத்தில் என் தங்கை குடும்பம். அவள் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பத்தாவதைத் தாண்டாத மனிதர். கேமரா சூடாகாமல் இருக்க ஏற்பாடு செய்தது அவர்தான், கொட்டகைக்கு நகரும் கூரை போட்டதும் அவர்தான். "அவருக்குக் கைராசிண்ணா" என்பாள் தங்கை. கையோடு திருப்திப்பட்டுக்கொண்டு, கழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கட்டிக்கொண்டவள்.

போன மாதம் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அடுத்தடுத்த இரண்டு நாள் படங்களிலும் அது இருந்தது. சிறுகோள்களைப் பதிவு செய்யும் மையத்துக்குத் தகவல் அனுப்பினேன். எங்கள் வானியல் சங்கத்தின் செயலாளர், ஒரு பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். தெருவிளக்கை வெள்ளிக் கிரகம் என்று காட்டும் சங்கம் அது. இருந்தாலும் எனக்கு ஆசையாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. முப்பது வருஷம் அடுத்தவன் கண்டுபிடித்ததையே கரும்பலகையில் எழுதி அழித்தவன் நான்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மதியம், தங்கை கணவர் மாடிக்கு வந்து என்முன் நின்றார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புள்ளி வானத்துல இல்ல. கேமராவுல இருக்கு."

எப்படி என்று கேட்டேன்.

"தொலைநோக்கிக்கு மூடி போட்டுப் படம் எடுத்துப் பார்த்தேன். கும்மிருட்டாத்தானே வரணும்? அப்பவும் அதே எடத்துல நிக்குது. தொலைநோக்கி துளித்துளியா சறுக்குது, மச்சான். நட்சத்திரத்தை வெச்சுப் படத்தைப் பொருத்தறப்போ, கேமராவோட பழுதுதான் நகர்ற மாதிரி தெரியுது."

"யார்கிட்ட சொன்னீங்க, மாப்பிள்ளை?"

"உங்ககிட்டதான். சாயங்காலம் கூரையைத் திறந்துவிட்டுட்டு டாக்டர் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லிடறேன். இப்பவே சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. கூட்டம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சா அசிங்கம். உங்களுக்குத்தான்."

என் மானத்துக்காக ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கவலைப்பட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, அருவருப்பாக இருந்தது. தன் கருவிப் பையை அங்கேயே வைத்துவிட்டுச் சாப்பிடக் கீழே போனார்.

இனி அந்தக் கூரையைப் பற்றி. பகல் சூட்டை வெளியேற்ற, தினமும் வெயில் இறங்கும்போது அதைத் திறக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பின்பக்கமாகவே நடந்து இழுப்பார். திரும்பிப் பார்க்கும் வழக்கம் இல்லை. கூரை ஓடும் தண்டவாளத்தின் முனையில் இருக்கும் இரண்டு போல்ட்டில் கூரை முட்டி 'டக்' என்று சத்தம் வரும், அவர் நிற்பார். அங்கிருந்து மாடி விளிம்புக்கு ஓர் அடி. அந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரைத் தொடுவானம் தெரியவில்லை என்று நான் முன்பே இடித்திருந்தேன். காதை நம்பி அந்த இடத்தில் பின்னால் நடக்கிற மனிதரின் புத்தியை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் பையிலிருந்த ஸ்பானரைத்தான் எடுத்தேன். எண்ணெய் போட்டுச் சுத்தமாக வைத்திருந்தார். ஐந்து நிமிஷ வேலை.

சாயங்காலம் அவர் என்னைப் பார்த்தபடி இழுத்துக்கொண்டு போனார். சத்தம் வராததை அவர் காது கவனித்திருக்க வேண்டும். புருவம் சுருங்கியது. "என்ன மச்சான்?" என்றார். பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"அவருக்கு எப்பவுமே கவனம் பத்தாதுண்ணா" என்று தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவருக்காக இரண்டு நிமிஷம் எழுந்து நின்றார்கள், பிறகு எனக்குக் கைதட்டினார்கள்.

போல்ட்டுகளை என் பேனா டப்பாவில் கண்டெடுத்ததை உங்கள் கான்ஸ்டபிள் பெரிய சாமர்த்தியமாகப் பேசிக்கொள்கிறார். கழற்றிய சாமானைத் தூக்கிப் போடுவது என் பழக்கமில்லை, அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள். கழற்றியது நான். அவர் விழ வேண்டும், கிளினிக்குக்குப் போகக் கூடாது என்றுதான் கழற்றினேன். ஒரு கண்டுபிடிப்பை அறியாமையிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது.

சிறுகோளுக்குப் பெயர்கூட முடிவு செய்துவிட்டேன். நீங்கள் சீல் வைத்திருக்கும் கேமராவைப் பத்திரமாக வைத்திருங்கள். மூடி போட்டு எடுத்துப் பார்க்கிறேன் என்று எவனாவது கிளம்பினால் விடாதீர்கள், அதெல்லாம் வீண் வேலை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போனபிறகு நானே அப்படி ஒரு படம் எடுத்துவைத்தேன். இன்னும் திறந்து பார்க்கவில்லை.