போனில் கட்டிய மாதா கோயில்

பெரிய மார்க்கெட்டில் ரெட்டியார்பாளையம் பஸ் ஏறினேன். முன் சீட்டில், ஒரே வீட்டு மருமகள்கள் இருவர் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, நீங்க மணி அடிக்கலன்னா என் மாதா கோயில் இடிஞ்சிடும்" என்றாள் இளையவள்.

கோயில் அவள் போனில் இருந்தது. ஃபேஸ்புக்கில் ஊர் கட்டும் விளையாட்டாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரவர் போனில் மணி அடித்துவிட்டார்களாம். மூத்தவள்தான் பாக்கி. சாயங்காலத்தோடு கெடு முடிகிறதாம்.

"என்னைய யாரு கூப்பிட்டா?"

"அழைப்பு அனுப்பினேனே!"

"ஊருக்கெல்லாம் ஒரே அமுக்குல அனுப்பினியே, அதுவா? கோயில மந்திரிச்சித் தொறக்கறதுக்கு வீட்டுக்கு மூத்தவள தட்டு வச்சி கூப்பிடணும்னு தெரியாது?"

"ஐயோ, அது வெறும் கேமுக்கா."

"கேமுதான? இடியட்டும்."

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நெல்லித்தோப்பு தாண்டியதும் பையைக் கிளறினாள். தட்டு இல்லை. போனையே தட்டாகப் பிடித்து, மாமியாருக்கு வாங்கிய வெற்றிலை பாக்கை அதில் வைத்தாள். மேலே ஒரு வாழைப்பழம். ஆடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அக்கா, குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்."

மூத்தவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெற்றிலை பாக்கு பழத்தை எடுத்துக்கொண்டாள். பிறகு தன் போனை எடுத்து அமுக்கினாள். இரண்டு போனிலும் மணி அடித்தது. இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூத்தவள் பழத்தை உரித்தபடி கேட்டாள்: "ஏண்டி, பங்குச் சாமியாருக்காவது நேர்ல போய் சொன்னியா?"